பின்னால் வருவது முன்னால் போவதை ஆட்டிவைக்கும்... தெரியுமா?

ஆயிரம் கிலோ டிரெய்லர் ஒன்று. கார் அதே கார், சாலை அதே சாலை, ஓட்டுபவரும் அதே ஆள். சாமான்களை அச்சுக்குச் சற்று முன்னால் அடுக்கினால் டிரெய்லர் சத்தமில்லாமல் பின்தொடரும். அதே சாமான்களைப் பின்கோடியில் அடுக்கினால்? வேகம் கூடக் கூட வால் ஆடத் தொடங்கும். கடைசியில் இழுக்கிற காரையே சாலையிலிருந்து தூக்கி வீசிவிடும்! எடையில் ஒரு கிலோகூடக் கூடவில்லை, குறையவில்லை. வைத்த இடம்தான் மாறியது!

வெளிநாட்டில் வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களே, அவர்கள் முதலில் படிக்கிற பாடம் இதுதான். நம் திருச்சியில் அப்படிப்பட்ட நகரும் வீடுகள் அபூர்வம். ஆனால் இழுக்கும் வித்தைக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன? ஸ்ரீரங்கத்தில் தேர், திருவெறும்பூரில் பாய்லர், பொன்மலையில் ரயில் என்ஜின், கொள்ளிடக் கரையில் மாட்டுவண்டி!

மாட்டுவண்டிக்காரர் போடும் கணக்கு தெரியுமா?

தாளக்குடிப் பக்கம் கொள்ளிடத்தில் மணல் ஏற்றிய மாட்டுவண்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டே சக்கரம், ஒரே அச்சு. பாரம் முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். அது முன்பாரம். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பும், நுகம் தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும்! அது பின்பாரம். இரண்டில் எது மோசம்? பின்பாரம்தான் என்பார்கள் வண்டிக்காரர்கள். அதனால் நுகம் கழுத்தில் லேசாக உட்காரும்படி, ஒரு பொடி அளவு முன்பாரம் வைத்தே மணலைப் பரப்புவார்கள்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆற்றுக்குள்ளிருந்து கரை ஏறும்போது வண்டிக்காரர் எங்கே உட்காருவார்? ஏர்க்காலின் மேல், மாட்டின் முதுகை ஒட்டி! மேட்டில் பாரம் பின்னுக்குச் சாயும் அல்லவா? தன் உடம்பையே முன்னால் கொண்டுபோய் அதைச் சரிக்கட்டுகிறார். இறக்கத்தில் பின்னால் நகர்ந்துகொள்வார். பத்து ரூபாய் செலவில்லாத தானியங்கிச் சமநிலைக் கருவி!

ஐஐஎம் பெங்களூரின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி யாரைப் பற்றி ஆராய்ந்தார் என்று நினைக்கிறீர்கள்? பெரிய கம்பெனி முதலாளிகளையா? மாட்டுவண்டியை! மாட்டின் கழுத்தில் விழும் சுமையைக் குறைக்க வேண்டும், வண்டியை மேம்படுத்த வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் அவர்.

மாட்டின் கழுத்துக்குப் பதில் இரும்புக் குண்டு!

காருக்குப் பின்னால் ஒரு இரும்புக் குண்டு நீட்டிக்கொண்டிருக்கும். டிரெய்லரின் மூக்கு அதன்மேல் கவிழ்ந்து உட்காரும். குண்டின் குறுக்களவு எவ்வளவு தெரியுமா? ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர்! ஓர் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரு முழு வீடும் அதை நம்பித்தான் பின்னால் வருகிறது!

அந்தக் குண்டின் மேல் எவ்வளவு எடை அமுங்க வேண்டும்? அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது வழக்கம். ஆயிரம் கிலோவுக்கு 100 முதல் 150 கிலோ. ஐரோப்பாவிலோ 5 முதல் 7 சதவீதமே போதும் என்கிறார்கள்! ஏன் இந்த வித்தியாசம்? அங்கே டிரெய்லர்கள் எடை குறைந்தவை, வேகக் கட்டுப்பாடும் கடுமை. ஜெர்மனியில் வீட்டு டிரெய்லரை இழுத்துப் போனால் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான். தனி அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டும் 100. பிரிட்டனில் புதிதாக ஓட்டுபவர்களுக்கு இன்னொரு அறிவுரையும் உண்டு: டிரெய்லரின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

100 கிலோ வைத்தால் 146 கிலோ அமுங்குமா?

அமுங்கும்! கணக்கு இதோ. காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.6 மீட்டர். பின்சக்கரத்திலிருந்து குண்டு 1.2 மீட்டர் பின்னால். குண்டின் மேல் 100 கிலோ வைத்தால், சீசாப் பலகையில் ஒரு முனையில் ஆள் ஏறினால் மறுமுனை எழும்புகிற மாதிரி, கார் முன்சக்கரங்களில் 46 கிலோ குறைந்துபோகும். அந்த 46-ம் சேர்ந்து பின்சக்கரங்களில் 146 கிலோ! முன்சக்கரம்தானே வண்டியைத் திருப்புகிறது? பெரும்பாலான கார்களில் இழுப்பதும் அதுதானே? அதன் பிடிப்பையே திருடிவிடுகிறது பின்னால் வைத்த சுமை! இரவில் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான்.

இன்னொன்று. மூக்கிலிருந்து அச்சு வரை 4 மீட்டர் உள்ள டிரெய்லர். அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றைப் போடுகிறீர்கள். குண்டின் மேலிருந்த எடையில் 25 கிலோ காணாமல் போய்விடும்! நான்கு மூட்டை போட்டால்? 100 கிலோ போயிற்று! மூக்கு இனி மேலே எழும்பப் பார்க்கும். அட, அதே பின்பாரம்!

இதை அளக்க பெரிய கருவி வேண்டுமா? வேண்டாம்! டிரெய்லரைத் தனியே கழற்றி எடைமேடையில் ஏற்றுங்கள். ஒரு எண் கிடைக்கும். பிறகு காரில் மாட்டி, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி எடை போடுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் குண்டின் மேல் அமுங்கும் எடை!

வால் ஆடினால் என்ன செய்வீர்கள்?

பிரேக்கை அழுத்துவீர்கள்! கையும் காலும் தானாகவே அதைத்தான் செய்யும். ஆனால் அதுதான் தப்பு! காரின் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வரும் ஆயிரம் கிலோவும் காரை முட்டித் தள்ளும். ஆட்டம் இன்னும் கூடும். ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் வெட்டினாலோ, ஆட்டத்துக்குத் தாளம் போட்டது போலாகிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். டிரெய்லருக்கென்று தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடியுங்கள். தீர்ந்தது!

ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும். அதற்கு மேலே தானாகப் பெருகும்! பின்பாரம் கூடினால் அந்த எல்லை கீழே இறங்கிவிடும். சமயபுரம் டோல்கேட் தாண்டியதும் காலியான நான்கு வழிச்சாலை, பக்கத்தில் ஒரு பஸ் சர்ரென்று முந்துகிறது, காற்று ஒரு தள்ளுத் தள்ளுகிறது. ஆட்டம் தொடங்க அது போதும். மணிக்கு 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கூடுவது 25 சதவீதம்தான். வண்டியை நிறுத்தத் தேவையான ஆற்றல் எவ்வளவு கூடும் தெரியுமா? 56 சதவீதம்!

ஸ்டீயரிங்கே இல்லாத பிரம்மாண்டம்!

இப்போது ஸ்ரீரங்கம் வருவோம். சித்திரைத் தேருக்கு வடம் பிடித்திருக்கிறீர்களா? விருப்பண்ண உடையார் என்ற விஜயநகர இளவரசர் 1383-ல் ஏற்படுத்திய திருவிழா. இன்றும் பெயர் விருப்பன் திருநாள்! ‘ரங்கா! ரங்கா!’ என்று கூட்டம் முழங்க, சித்திரை வீதிகள் நான்கையும் சுற்றித் தேர் நிலைக்கு வரும். நான்கு வீதி, ஒவ்வொரு மூலையிலும் செங்குத்தான திருப்பம். ஆனால் தேரில் ஸ்டீயரிங் இல்லை! சக்கரங்கள் இடமோ வலமோ திரும்பாது! பின்னே எப்படித் திரும்புகிறது?

முட்டுக்கட்டை! ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் சாய்வாகச் செதுக்கிய மரக்கட்டையைக் கொடுப்பார்கள். அந்தச் சக்கரம் தயங்கும். மறுபக்கச் சக்கரம் உருளும். தேர் மெல்ல முகத்தைத் திருப்பும். கட்டை போடுபவர் உருளும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து ஓடுகிறார். ஒரு நொடி தவறினாலும் ஆபத்து. வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் தருவது வெறும் பலம். தேரை ஓட்டுபவர்கள் உண்மையில் இந்த நாலைந்து பேர்தான்! என்னைக் கேட்டால் தேரோட்டத்தில் முதல் மரியாதை இவர்களுக்குத்தான் தர வேண்டும்.

இன்னும் வியப்பு வேண்டுமா? இன்றைய கார்களில் டிரெய்லர் ஆட்டத்தை அடக்க ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு உண்டு. வால் ஆடுவதை உணர்ந்ததும் அது என்ன செய்கிறது? ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் நொடியில் பிடித்து விடுகிறது. அடுத்த கணம் மறுபக்கத்தை! சித்திரை வீதியில் நடப்பதும் அதேதானே?

96 அடி உயரம்... ஏன் கவிழவில்லை?

திருவாரூர் ஆழித்தேரின் உயரம், அலங்கரித்த பிறகு 96 அடி! எடை சுமார் 300 டன்! ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று வீதியில் நகர்ந்து வருகிறது! ஏன் சாய்வதில்லை? எடை எல்லாம் கீழே! மரச் சிற்பங்கள் நிறைந்த அடிப்பகுதி சுமார் 30 அடிதான். அதற்கு மேலே நிமிர்ந்து நிற்கும் அறுபது அடிக்கும் மேல் என்ன இருக்கிறது தெரியுமா? மூங்கிலும் துணியும்! கண்ணுக்கு மலை, எடைக்குப் பந்தல். டிரெய்லர் நிறுவனங்கள் இன்று ‘கனமான சாமானைத் தரையோடு வையுங்கள், லேசானதை மேலே வையுங்கள்’ என்று அச்சடித்துக் கொடுக்கிறார்களே, நம் தேர்த் தச்சர்கள் அதை வீதியில் ஓட்டியே காட்டிவிட்டார்கள்!

அந்தத் தேருக்கு பிரேக் பொருத்தியது யார்? நம்ம திருச்சி பெல் (BHEL) ஆலை! ஹைட்ராலிக் பிரேக்! இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் அங்கிருந்தே போயின. தமிழ்நாட்டின் வேறு பல கோயில் தேர்களுக்கும் பெல் ஆலையில்தான் அச்சும் சக்கரமும் செய்தார்கள். பாய்லர் செய்கிற ஆலையில் பெருமாளுக்கும் சிவனுக்கும் சக்கரம்! முன்னால் மக்கள் வடம் இழுக்க, பின்னால் புல்டோசர்கள் தள்ள, ஆழித்தேர் நகர்கிறது.

திருநெல்வேலி நெல்லையப்பர் தேர் மனித பலத்தில் மட்டுமே ஓடுகிறது. 2024 ஜூனில் நடந்த ஆனித் தேரோட்டத்தில் என்ன ஆயிற்று? வடம் அறுந்தது! ஒருமுறை அல்ல, அடுத்தடுத்து! நிற்கிற தேரை முதல் அடி நகர்த்தத்தான் அதிக விசை வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் சுண்டி இழுத்தால் கயிறு தாங்குமா? அதனால்தான் பின்சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்பி, முதல் அசைவைக் கீழிருந்தே கொடுப்பார்கள்.

பாலக்காடு கல்பாத்தியில் இன்னும் வேடிக்கை! தமிழ் அக்ரஹாரத்துத் தேர். முன்னால் மனிதர்கள் இழுக்க, பின்னால் முட்டித் தள்ளுவது யார்? யானை!

ஒரு செய்தியை மட்டும் ஆச்சரியக்குறி இல்லாமல் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தேரின் மேற்பகுதி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். இழுத்துச் செல்லும் எதற்கும் எடையைப் போலவே உயரத்தையும் அளந்தாக வேண்டும்.

பெல் கேட்டைத் தாண்டும் மரவட்டை!

திருவெறும்பூரில் 1965 முதல் இயங்கும் பெல் ஆலையில் அனல்மின் நிலையங்களுக்கான பாய்லர் டிரம் செய்கிறார்கள். 500 மெகாவாட் நிலையத்தின் டிரம் ஒன்றின் எடை? 200 டன்னுக்கும் மேல்! நீளம் 20 மீட்டருக்கும் மேல்! இதை எந்த லாரியில் ஏற்றுவது?

இதற்கென்றே ஹைட்ராலிக் டிரெய்லர்கள் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி அதன் ஒரு வரிசை அச்சுக்கு 18 டன் வரைதான் அனுமதி. ஒரு வரிசையில் 8 டயர். 200 டன்னை 18-ஆல் வகுத்தால் 12 வரிசை, 96 டயர்! டிரெய்லரின் சொந்த எடையைச் சேர்த்தால் இன்னும் கூடும். அத்தனை அச்சுகளும் திரும்பும்! ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால்? எண்ணெய் அழுத்தம் குழாய் வழியே பாய்ந்து அந்தச் சக்கரத்தைக் கீழே நீட்டிப்பிடிக்கும். எந்தச் சக்கரமும் பாரத்திலிருந்து நழுவாது! சமநிலையை ஆள் பார்ப்பதில்லை, எண்ணெய் பார்த்துக்கொள்கிறது!

இத்தனை டயர் இருந்தும் தடுமாறிய கதை தெரியுமா? வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய மகாவிஷ்ணு சிலைக் கல், சுமார் 350 டன், 2018 கடைசியில் 240 சக்கர டிரெய்லரில் பெங்களூருக்குக் கிளம்பியது. டயர்கள் வெடித்தன. வழியில் கடைகளையும் சுவர்களையும் இடிக்க வேண்டியிருந்தது. ஓசூர் அருகே தென்பெண்ணைப் பாலத்தின் மேல் ஏற்றப் பயந்து ஆற்றுக்குள்ளேயே மண் பாதை போட்டார்கள். காரில் ஐந்து மணி நேரத்தில் முடிகிற பயணம். அந்தச் சிலை போய்ச் சேர்ந்தது 2019 ஜூனில்!

இழுக்காத என்ஜின்!

பொன்மலை ரயில்வே பணிமனை 1928-ல் தொடங்கியது. ஊட்டி மலை ரயிலின் நீராவி என்ஜின்களைப் பராமரிப்பதும், புதிதாகக் கட்டித் தருவதும் இங்கேதான். அந்த என்ஜினின் விசித்திரம் என்ன தெரியுமா? மேலே ஏறும்போது அது பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது! கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஏதாவது ஒரு கொக்கி விட்டுப்போனால் பெட்டிகள் உருண்டு வந்து என்ஜின் மேலேயே நிற்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு! போதாததற்கு ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர்!

கரும்பு டிராக்டரின் முன்சக்கரம் ஏன் எழும்புகிறது?

லால்குடிப் பக்கம் கரும்பு வெட்டுக் காலத்தில் பார்த்திருப்பீர்கள். மலைபோல் கரும்பு ஏற்றிய இரண்டு சக்கர டிரெய்லர் டிராக்டரின் கொக்கியில் தொங்கும். மேடு வந்ததும் முன்சக்கரங்கள் குதிரை மாதிரி எழும்பும்! அதை அமுக்க முன் பம்பரில் ஆட்கள் ஏறி நிற்பார்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள்; இது உயிரோடு விளையாட்டு. கொக்கியை விட்டு உயரமான இடத்தில் சங்கிலி மாட்டி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? சுமார் ஒன்றரை நொடி! கிளட்சைத் தேடுவதற்குள் முடிந்துவிடும்.

தண்ணீர் லாரி இன்னொரு ரகம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 10,000 லிட்டர் என்றால் 10 டன்! பாதி நிரம்பிய டேங்கர், முழுதும் நிரம்பியதைவிட ஆட்டம் போடும். பிரேக் போட்டால் தண்ணீர் முழுக்க முன்னால் பாயும், திருப்பினால் பக்கவாட்டில் அடிக்கும். அதனால்தான் டேங்குக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள்!

அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதம்? 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய்! கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000!

வள்ளுவர் வண்டியைப் பற்றி எத்தனை இடத்தில் பேசுகிறார் தெரியுமா? 475-ம் குறளில், மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார். 667-ல் பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி. 496-ல் நிலத்தில் ஓடும் தேர் கடலில் ஓடாது! மனிதர் வண்டிப் பேட்டையில் பழகியவரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்று இரவு சென்னை சாலையிலோ கல்லணை சாலையிலோ உங்களுக்கு முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று போனால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அதன் சுமை பின்னால் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. பல டிரெய்லர்களில் பின்விளக்கும் எரியாது. நான்கு வண்டி தூரம் விட்டு, ஹாரன் கொடுத்து, நேரான இடம் பார்த்து முந்துங்கள். டிராக்டர் உங்களுடையதா? கடைக்குப் போய் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கி நாளைக் காலையே டிரெய்லரின் பின்பலகையில் ஒட்டிவிடுங்கள்!